குன்றின்மேல் ஒரு கர்தினால்

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், பிரைட்டன் என்னும் பகுதியில் உள்ள குன்றின்மேல் புனித யோவான் குருமடம் 1884-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூன் 8-ஆம் நாள், பாஸ்டனைச் சேர்ந்த ஓர் இளைஞர் உரோமையில் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அவர்தாம் பிற்காலத்தில் கர்தினாலாகப் புகழ்பெற்ற வில்லியம் ஓ'கானல்.

அயர்லாந்திலிருந்து பிழைப்புக்காக வந்து, லோவல் நகரின் நெசவாலை ஊரில் குடியேறிய குடும்பம். பதினொரு பிள்ளைகளில் கடைக்குட்டியாக 1859-இல் பிறந்தார். சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். இயேசு சபையினரின் பாஸ்டன் கல்லூரியில் படித்து 1881-இல் பட்டம் பெற்றார். இதை நாம் நினைவில் வைத்துக்கொள்வோம். கதையின் முடிவில் தேவைப்படும்.

1907-இல் பாஸ்டனின் பேராயரானார். 1911-இல் கர்தினாலானார். அதே ஆண்டில், தொடக்கமுதல் குருமடத்தை நடத்திவந்த சுல்பீசியன் குருக்களை விலக்கி, அதைத் தம் மறைமாவட்டக் குருக்களிடம் ஒப்படைத்தார். எல்லாம் தம் பார்வையில் நடக்க வேண்டும் என்பது அவர் இயல்பு. 1920-களில் தம் இல்லத்தையும் அக்குன்றுக்கே கொண்டுவந்தார். இத்தாலிய அரண்மனைகளை நினைவூட்டும் மாளிகை அது. ஆலைத்தொழிலாளியின் மகனுக்கு இவ்வளவு ஆடம்பரம் ஏன் என்று நமக்குத் தோன்றலாம். ஆனால், ஏளனமாக நடத்தப்பட்ட அயர்லாந்துக் கத்தோலிக்கருக்கு அந்த மாளிகை தலைநிமிர்வாகவும் இருந்திருக்கும்.

1914-இலும் 1922-இலும் கடல் கடந்து அவர் உரோமை சேர்வதற்குள் புதிய திருத்தந்தை தேர்ந்தெடுக்கப்பட்டுவிட்டார். அதன் பிறகே, தொலைவில் உள்ள கர்தினால்கள் வந்துசேரும்படி காத்திருக்கும் நாட்களைத் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் நீட்டித்தார். 1939-இல்தான் ஓ'கானல் வாக்களிக்க முடிந்தது.

1944 ஏப்ரல் 22-இல் இறையடி சேர்ந்தார். குருமட வளாகத்தில் தாமே கட்டிய சிற்றாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அங்கிருந்து தம்மை யாரும் அசைக்கமாட்டார்கள் என்று நினைத்திருப்பார்.

2002-இல், குருக்கள் சிலர் சிறாருக்கு இழைத்த பாலியல் கொடுமைகளும், அவற்றை மறைத்த அதிகாரிகளின் தவறும் பாஸ்டனில் வெளிவந்தன. பாதிக்கப்பட்ட ஐந்நூறுக்கும் மேற்பட்டோருக்கு எட்டரைக் கோடி டாலர் இழப்பீடு தர 2003-இல் உயர்மறைமாவட்டம் இசைந்தது. அப்பொறுப்பை நிறைவேற்றவே பேராயர் ஷான் ஓமாலி, 2004-இல் மாளிகையையும் 43 ஏக்கர் நிலத்தையும் விற்றார். 2007-இல் குருமடத்தைச் சேர்ந்த கட்டடங்கள் சிலவும் மேலும் 18 ஏக்கரும் விற்கப்பட்டன. வாங்கியது, சாலைக்கு அப்பால் வளர்ந்திருந்த பாஸ்டன் கல்லூரி. ஓ'கானல் படித்த அதே நிறுவனம், இன்று ஒரு பல்கலைக்கழகம். பேராயரோ பேராலயப் பங்கு இல்லத்துக்குக் குடிபோனார்.

கல்லறை விற்ற நிலத்துக்குள் அகப்பட்டுக்கொண்டது. அதை மாற்ற உறவினர் சிலர் முதலில் இசையவில்லை. பேச்சு ஆண்டுக்கணக்கில் நீண்டது. 2011-இல் கர்தினாலின் உடல் எடுக்கப்பட்டு, குருமடத்திடமே எஞ்சியிருக்கும் பழைய கட்டடத்தின் முற்றத்தில் வைக்கப்பட்டது. அவருடைய மாளிகையில் 2016 முதல் பல்கலைக்கழகத்தின் கலை அருங்காட்சியகம் இயங்குகிறது. முற்றத்தைச் சுற்றிய கட்டடத்தில் இன்றும் குருமாணவர்கள் படிக்கிறார்கள்.