கேரி கில்டால்

சேலத்தை அடுத்த இளம்பிள்ளையில் தறியின் மேலே துளையிட்ட அட்டைகள் கோவையாகத் தொங்குவதைக் காணலாம். சேலையின் பூவேலையை வகுப்பவை அவையே. ஆயினும் ஓர் அளவுத் தறிக்கென வெட்டிய அட்டை வேறு அளவுத் தறியில் பொருந்தாது. 1970களின் தொடக்கத்தில் சிறு கணினிகளின் நிலையும் இதுவே. ஒரு பொறிக்கு எழுதிய நிரல் மற்றொன்றில் இயங்காது. இக்குறையைப் பெரிதும் நீக்கியவர் கேரி கில்டால் என்னும் அமெரிக்க அறிஞர்.

இவர் 1942ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் சியாட்டில் என்னும் துறைமுக நகரில் பிறந்தார். இவர் குடும்பத்தார் மாலுமிகளுக்குக் கலஞ்செலுத்தும் கல்வியைக் கற்பிக்கும் பள்ளி ஒன்றை நடத்திவந்தனர். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கணினியியல் பயின்று, 1972இல் டாக்டர் பட்டம் பெற்ற கில்டால், கலிபோர்னியாவில் மான்டரே நகரக் கடற்படைக் கல்லூரியில் ஆசிரியராகப் பணியாற்றினார்.

அந்நாளில் இன்டெல் நிறுவனம் நகத்தளவேயான நுண்செயலியை ஆக்கியிருந்தது. அது சிறு கருவிகளுக்கே பயன்படும் எனப் பலர் எண்ணினர். கில்டாலோ அதனுள் ஒரு முழுக் கணினியைக் கண்டார். நெகிழ்தட்டில் கோப்புகளை எழுதவும் எடுக்கவும் வல்ல இயக்க முறைமை ஒன்றை 1974இல் இயற்றினார். சி.பி./எம். என்பது அதன் பெயர். இன்டெல் அதனை வாங்க முன்வரவில்லை. ஆகவே கில்டாலும் அவர் மனைவி டாரதியும் பசிபிக் குரோவ் என்னும் ஊரில் தம் இல்லத்திலிருந்தே டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனத்தை நடத்தலாயினர்.

பொறிக்குப் பொறி மாறும் பகுதியை மட்டும் கில்டால் தனியே பிரித்து, அதற்குப் பயாஸ் எனப் பெயரிட்டார். புதிய பொறி வந்தால் அச்சிறு பகுதியைத் திருத்தினால் போதும்; எஞ்சியதைத் தொட வேண்டுவதில்லை. தறிக்கும் அட்டைக்கும் இடையே ஓர் இணைப்பியைப் பொருத்தினாற் போன்றது இவ்வேலை! இதனால் நூற்றுக்கணக்கான வகைக் கணினிகளில் சி.பி./எம். குடியேறிற்று. 1981இல் வெளிவந்த ஆஸ்பர்ன் கணினி அம்முறைமையோடும் வேர்டுஸ்டார் முதலிய நிரல்களோடும் சேர்த்து 1,795 டாலருக்கு விற்கப்பட்டது.

1980இல் ஐ.பி.எம். நிறுவனத்தார் கில்டாலை நாடி வந்தனர். அன்று அவர் விளையாட்டாக விமானமேறிப் பறந்துவிட்டார் என்றொரு கதை உண்டு. அவர் சென்றதோ வணிகக் காரியமாக. உடன்பாடு ஏற்படவில்லை. மைக்ரோசாப்ட் நிறுவனம், சி.பி./எம். போலவே அமைந்த வேறொரு முறைமையை விலைக்கு வாங்கி, ஐ.பி.எம்.முக்கு அளித்தது. கில்டால் முறையிட்டபின், அவருடைய முறைமையையும் விற்க ஐ.பி.எம். இசைந்தது. ஆனால் மற்றதன் விலை 40 டாலர். இதன் விலை 240 டாலர். மக்கள் எதனை வாங்கினர் என்பதைக் கூறவும் வேண்டுமோ?

கில்டால் சோர்ந்துவிடவில்லை. அவர் நிறுவனத்தின் ஜெம் என்னும் படத்திரை முறை 1985இல் அட்டாரி எஸ்.டி. கணினியோடு இணைந்தே வந்தது. அவ்வாண்டிலேயே கலைக்களஞ்சியம் ஒன்றைக் குறுந்தட்டில் ஏற்றும் பணியிலும் அவர் முன்னின்றார். 1991இல் டிஜிட்டல் ரிசர்ச், நாவல் நிறுவனத்தின் கைக்கு மாறியது. 1994 ஜூலை 11இல், தமது 52ஆம் வயதில், கில்டால் மறைந்தார்.

அவர் இயற்றிய முறைமை அவரோடு மறையவில்லை. அதன் மூலநிரலைப் பகிர்ந்துகொள்ள 2001இல் உரிமையாளர் இசைவளித்தனர். 2014இல் பசிபிக் குரோவ் இல்லத்தின் முன் நினைவுப் பலகை ஒன்று பதிக்கப்பட்டது. ஆர்.சி.2014 போன்ற சிறு கணினிகள் உதிரி உறுப்புகளாக விற்கப்படுகின்றன. ஆர்வலர் அவ்வுறுப்புகளைத் தம் கையாலேயே பற்றவைத்து, சி.பி./எம்.மை ஏற்றுகின்றனர். திரையில் ஆணைக்குக் காத்திருக்கும் அப்பழைய குறி மீண்டும் ஒளிர்கிறது.