யூஜீன் ஹூட்ரி

உலகிற் புதியன கண்டு புகழெய்தினோர் பலர். அவருள், தாம் எடுத்த முதற்காரியத்தில் தோல்வியுற்று, அத்தோல்வியையே ஏணியாகக் கொண்டு உயர்ந்தோர் சிலரே. அச்சிலருள் ஒருவர் யூஜீன் ஹூட்ரி என்னும் பிரெஞ்சு அறிஞர். மோட்டார் வண்டியில் ஏறிச் செல்லும் நாம், அவ்வண்டிக்கு உயிராகிய பெட்ரோலை நிரம்ப வடிக்கும் வழி கண்ட அவரை நினைப்பதில்லை. ஆதலின் அவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

ஹூட்ரி 1892-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள், பாரிஸ் நகருக்கு அணித்தாயுள்ள டோமோன் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் உருக்குத் தொழில் நடத்திய செல்வர். மைந்தர் பாரிஸிலுள்ள தொழிற்கலைக் கல்லூரியில் இயந்திர நூல் பயின்று, 1911-இல் வகுப்பில் முதல்வராய்த் தேறிப் பொற்பதக்கம் பெற்றார். ஏட்டுப் படிப்போடு நில்லாது, கல்லூரிக் கால்பந்துக் குழுவின் தலைவராகவும் விளங்கினார். முதல் மகாயுத்தம் மூண்டபோது டாங்கிப் படையிற் பணி புரிந்தார். 1917-இல் ஜுவான்கூர்ப் போரிற் படுகாயமுற்றார். அவர்தம் வீரத்திற்காகப் போர்ச் சிலுவை விருது பெற்றார்.

யுத்தம் முடிந்தபின் அவர் உள்ளம் மோட்டார்ப் பந்தயங்களிற் சென்றது. பந்தய வண்டிக்கு நல்ல பெட்ரோல் வேண்டும். பிரான்சு தேசத்திலோ எண்ணெய்க் கிணறுகள் அரியன. ஆனாற் பழுப்பு நிலக்கரி உண்டு. பண்டைக் காலத்துச் செடிகொடிகள் மண்ணிற் புதைந்து மக்கி ஆனதே அக்கரி. அதிலிருந்து பெட்ரோல் எடுக்கும் முறையொன்றை நீஸ் நகரத்து இரசாயனி ஒருவர் கூற, 1922-இல் ஹூட்ரி அதனைக் கைக்கொண்டார். தான் அழியாது நின்று, பிற பொருள்களின் மாற்றத்தை விரைவுபடுத்தும் வினையூக்கியே அம்முறைக்கு அடிப்படை. பல்லாண்டு முயற்சியின் பயனாக, நாளொன்றுக்கு 60 டன் கரியைக் கையாளும் ஆலை 1929-இல் இயங்கிற்று. பெட்ரோல் வந்தது, ஆயின் வருவாயினும் செலவு மிக்கது. அரசாங்க உதவியும் கிட்டாமையால், ஆலை அவ்வாண்டிலேயே மூடப்பட்டது.

பிறரெனின் சோர்ந்திருப்பர். ஹூட்ரியோ முன்னரே கனத்த கழிவெண்ணெயின்மீதும் கண்வைத்திருந்தார். அக்காலத்தார் மிக்க வெப்பத்தாலும் அழுத்தத்தாலுமே அதனை உடைத்துப் பெட்ரோலாக்கி வந்தனர். எண்ணிறந்த பொருள்களைச் சோதித்த ஹூட்ரி, சிலிக்காவும் அலுமினாவும் கலந்த களிமண்ணே சிறந்த வினையூக்கி என 1927-இற் கண்டார். வந்த பெட்ரோலைத் தம் புகாட்டி வண்டியில் ஊற்றி, மேட்டுப் பாதையில் தாமே ஓட்டிச் சோதித்தார்.

ஆயினும் இடர் ஒன்று நின்றது. சில நிமிடங்களில் மண்மீது கரி படிந்து, அதன் ஆற்றல் அவிந்தது. ஹூட்ரி அம்மண்ணை எறிந்தாரல்லர். காற்றைச் செலுத்திக் கரியையே எரித்தார். மண் மீண்டும் புத்துயிர் பெற்றது. ஒரு கலத்தில் எண்ணெய் உடையும்போதே மற்றொன்றிற் கரி எரியுமாறு, கலங்களை முறைமாற்றி இயக்கினார். அவர் கண்டவற்றுள் தலையாயது இதுவே என்னலாம்.

1930-இல் அமெரிக்க எண்ணெய்க் கம்பெனியொன்று அவரை அழைத்தது. பொருளாதார மந்தத்தால் வேலை தடைப்பட்டபோது, 1933-இல் சன் ஆயில் கம்பெனியார் கைகொடுத்தனர். 1937-இற் பென்சில்வேனியாவின் மார்க்கஸ் ஹூக் என்னுமிடத்திற் பேராலை எழுந்தது. அதில் இட்ட எண்ணெயிற் பாதியளவு உயர்ந்த பெட்ரோலாயிற்று. இரண்டாம் மகாயுத்தத்தில் நேசநாட்டு விமானங்களுக்கு வேண்டிய பெட்ரோல் இம்முறையாற் பெருகிற்று. பகைவர்க்கு அடிபணிந்த பிரெஞ்சு ஆட்சியை ஹூட்ரி வெளிப்படையாக எதிர்த்தார். அவ்வாட்சி 1941-இல் அவர்தம் குடியுரிமையைப் பறித்தது. நாட்டுக்காகக் குருதி சிந்தியவர், நாடற்றவராய் நின்றார். மறு ஆண்டில் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார்.

முதுமையிலும் அவர் ஓய்ந்திலர். தாம் பெருக்கிய பெட்ரோலின் புகை நகரங்களை நஞ்சாக்குவது கண்டு வருந்தினார். அப்புகையைத் தூய்மையாக்கும் வினையூக்கிக் கருவிக்கு 1956-இல் உரிமைப் பட்டயம் பெற்றார். பெட்ரோலிற் கலந்த ஈயம் அவ்வினையூக்கியைக் கெடுத்தமையால், அஃது அந்நாளிற் பரவவில்லை. 1962-ஆம் ஆண்டு ஜூலை 18-ஆம் நாள் ஹூட்ரி காலமானார். 1970-களில், ஈயமற்ற பெட்ரோல் வந்தபின்னரே, அத்தகைய கருவி அமெரிக்க வண்டிகளில் இடம்பெற்றது.

அவர் மறைந்த காலத்திலேயே அவர் களிமண்ணின் இடத்திற்கு சியோலைட் வந்தது. அதுவும் சிலிக்கா, அலுமினாக்களால் ஆயதே. ஆயின் நுண்ணிய துளைகள் ஒழுங்காய் அமைந்த படிகம். இந்நாளில் ஆராய்ச்சியாளர் மரத்தூளையும் வைக்கோலையும் காற்றின்றிச் சுட்டு எண்ணெய் எடுக்கின்றனர். அவ்வெண்ணெயிற் பிராணவாயு மிகுந்திருத்தலின், புளித்து, இயந்திரத்திற்கு ஆகாததாயிருக்கிறது. அக்குற்றத்தை நீக்க சியோலைட்டையே நாடுகின்றனர். அங்கும் கரி படிகின்றது. அங்கும் கரியை எரித்தே அதனைப் புதுப்பிக்கின்றனர். செடிகொடியிலிருந்து பெட்ரோல் காண விழைந்த ஹூட்ரியின் முதல் ஆசை இன்னும் முற்றுப்பெறவில்லை.

நம் முயற்சிகளிலும் கரி படிவதுண்டு. தேர்வில் ஒருமுறை தவறினோம் என்று கல்வியையே எறிய நினைப்பார் நம்முள்ளும் உளர். அன்னார் ஹூட்ரியை நினைப்பாராக. எறிதல் எளிது, எரித்துத் தூய்மை செய்து மீண்டும் தொடங்குதலே ஆண்மை.