பாலை கடந்த அயர்

ஆஸ்திரேலியாக் கண்டத்தின் தென்கரையை ஒட்டி நல்லர்பார் என்னும் பெருவெளி பரந்து கிடக்கிறது. அதன் நிலம் சுண்ணாம்புக்கல்லால் ஆயது. அங்கு அருகிப் பெய்யும் மழையும் கல்லின் வெடிப்புகளில் இறங்கி மறைந்துவிடும். ஆதலின் அவ்வெளியில் ஆறும் இல்லை, குளமும் இல்லை. தெற்கே கடல் இருப்பினும் அதன் நீர் பருகுதற்கு உதவாது. இவ்வெளியின் கரையோரமாகக் கிழக்கிலிருந்து மேற்கே முதன்முதல் சென்ற ஐரோப்பியர் எட்வர்டு ஜான் அயர் ஆவார்.

அயர் 1815 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். இளமையிலேயே ஆஸ்திரேலியா சென்று, ஆடுமாடுகளை நெடுந்தொலைவு ஓட்டிச் செல்லும் தொழிலை மேற்கொண்டார். 1841 பிப்ரவரியில் பாக்ஸ்டர் என்னும் நண்பரோடும், பழங்குடி இளைஞர் மூவரோடும் மேற்கு நோக்கிப் புறப்பட்டார். அம்மூவருள் ஒருவன் வைலி.

நாள் பல கடந்தும் நீர் கிட்டவில்லை. குதிரைகள் தளர்ந்து வீழ்ந்தன. ஆயினும் அம்மண்ணில் வாழ்ந்த மக்கள் நீர் இருக்கும் இடம் அறிவர். கரையோர மணற்குன்றுகளில் பெய்யும் மழைநீர் கீழிறங்கி, அடியிலுள்ள உப்புநீரின்மேல் தங்கும். அத்தகைய குன்றுகளைப் பழங்குடியினர் அயருக்கு அறிவித்தனர். அங்கே மணலைத் தோண்டியபோது நன்னீர் ஊறியது. சிலவகை மரங்களின் வேரை அகழ்ந்து, துண்டாக்கி, நிறுத்தி வைத்து நீர் வடிக்கும் முறையும் அவர்களுடையதே. நீர் அறவே அற்ற ஒருநாள், அயர் விடியற்காலையில் செடிகளின்மேல் படிந்த பனித்துளிகளைக் கடற்பஞ்சால் ஒற்றிக் கலத்தில் பிழிந்து, அந்நீரால் உயிர் காத்தார்.

ஏப்ரல் 29 ஆம் நாள் இரவு பெருந்துயர் நேர்ந்தது. இளைஞர் இருவர் பாக்ஸ்டரைக் கொன்று, உணவில் பெரும்பகுதியைக் கவர்ந்து ஓடினர். வைலி மட்டும் அயரைப் பிரியாது நின்றான். இருவரும் புதிய நீர்நிலை எதுவும் காணாது நாள் சில நடந்தனர். முடிவில் மணற்குன்றுகளிடையே பழங்குடியினர் தோண்டியிருந்த கிணறு ஒன்றைக் கண்டு உயிர் பிழைத்தனர். ஜூன் மாதத்தில் கரையருகே நின்ற பிரெஞ்சுத் திமிங்கில வேட்டைக் கப்பல் ஒன்று அவர்களுக்கு உணவளித்தது. ஜூலை 7 ஆம் நாள் அவர்கள் ஆல்பனி நகரை அடைந்தனர். இறந்துவிட்டான் என்று எண்ணியிருந்த வைலியை அவன் சுற்றத்தார் கண்ணீர் மல்கத் தழுவிக்கொண்டனர்.

அயர் பின்னர் ஜமைக்காவின் ஆளுநரானார். 1865 ஆம் ஆண்டு அங்கு எழுந்த கிளர்ச்சியை அவர் கொடுமையாக அடக்கினார். அதனால் 400க்கு மேற்பட்ட கறுப்பின மக்கள் உயிரிழந்தனர். அச்செயல் அவர் புகழுக்கு நீங்கா மாசாயிற்று. 1901 ஆம் ஆண்டு அவர் மறைந்தார்.

நல்லர்பாரைக் கடக்கும் நெடுஞ்சாலை இன்று அயரின் பெயரைத் தாங்கியுள்ளது. அவருடைய மனவுறுதி பெரிது. எனினும், அவர் பருகிய நீரின் இருப்பிடத்தை அவருக்கு முன்பே அறிந்திருந்தவர் அந்நாட்டு மக்களே. ஒரு நாட்டின் இயல்பை அங்கு வாழ்வோரிடம் கற்றல் வேண்டும். கற்றபின் அவர் செய்த நன்றியை மறவாதிருத்தல் அதனினும் வேண்டும்.