இலை மேல தூசி படிஞ்சா செடி என்ன பண்ணும்? 100 வருஷம் முன்னாடியே குமிழிகளை எண்ணிய ஜே.சி.போஸ்!

காத்திவாக்கத்துல ரோட்டோரம் நிக்கிற மரங்களைப் பார்த்தா, இலையின் பச்சையே மங்கலாத்தான் தெரியும். நிலக்கரித் தூசு, சாம்பல், கன்டெய்னர் லாரி கிளப்புற புழுதி எல்லாம் மேல படிஞ்சிருக்கும். அந்த இலையால வழக்கம்போல உணவு தயாரிக்க முடியுமா? இதைப் புரிஞ்சுக்க, ஒளிச்சேர்க்கையின் வேகத்தை அளக்கவே தனிக் கருவி செஞ்ச ஒருத்தரைத் தெரிஞ்சுக்கலாம்.

யார் இந்த ஜே.சி.போஸ்?

ஜகதீஷ் சந்திர போஸ். நேதாஜி வேற, இவர் வேற. 1858 நவம்பர் 30-ம் தேதி வங்கத்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படிச்சுட்டு 1885-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர் ஆனார். வெள்ளைக்காரப் பேராசிரியர்களைவிடக் குறைவான சம்பளம். போஸ் சண்டை போடல, வேலையையும் விடல. மூணு வருஷம் சம்பளமே வாங்காம பாடம் நடத்தினார். கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்து, மொத்த பாக்கியையும் முழு சம்பளமாகவே கொடுத்தது.

கம்பியில்லா மின்காந்த அலைகளை ஆராய்ஞ்சு உலகப் புகழ் பெற்றவர், 1900-ஐ ஒட்டி செடிகள் பக்கம் திரும்பினார். இயற்பியல்காரருக்குத் தாவரத்துல என்ன வேலைன்னு லண்டன் அறிஞர்கள் சிலர் முகம் சுளிச்சாங்க. ஆனா அவர் கூட எடுத்துட்டு வந்தது இயற்பியலின் அளக்கும் பழக்கத்தை.

குமிழியை எண்ணும் கருவி

ஸ்கூல்ல பண்ணின சோதனை ஞாபகம் இருக்கா? கண்ணாடிக் குவளைத் தண்ணியில் ஹைட்ரில்லா செடி, மேல கவிழ்த்த புனல், அதுக்கும் மேல சோதனைக் குழாய். வெயில்ல வெச்சா குமிழி குமிழியா ஆக்சிஜன் வரும். இலையில் இருக்கிற பச்சையம் ஒளியைப் பிடிச்சு, அந்தச் சக்தியால தண்ணீரைப் பிரிக்குது. அப்போ வெளியேறுவதுதான் இந்த ஆக்சிஜன். மிச்ச சக்தியை வெச்சு, கார்பன் டை ஆக்சைடிலிருந்து சர்க்கரை தயாராகுது.

போஸும் இதே ஹைட்ரில்லாவைத்தான் எடுத்தார். ஆனா குமிழியைக் கண்ணால எண்ணல. ஒவ்வொரு குமிழி வெளியேறும்போதும் மின்சுற்று இணைஞ்சு, சுழலும் உருளையில் தானா குறி விழுற மாதிரி கருவி செஞ்சார். குமிழி அடுத்தடுத்து வந்தா குறிகள் நெருக்கமா விழும், வேகம் குறைஞ்சா இடைவெளி கூடும். இந்த ஆய்வுகளைத் தொகுத்து 1924-ல் ஒளிச்சேர்க்கை பற்றி ஆங்கிலத்தில் தனிப் புத்தகமே போட்டார்.

எது வேகத்தைக் குறைக்கும்?

ஒளி, கார்பன் டை ஆக்சைடு, வெப்பம், தண்ணீர். இதுல எது பற்றாக்குறையோ, அதுதான் மொத்த வேகத்தையும் பிடிச்சு நிறுத்தும். மத்ததெல்லாம் தாராளமா இருந்தும் பிரயோஜனம் இல்ல. வெப்பம் மட்டும் கொஞ்சம் வித்தியாசம். ஓரளவு வரைக்கும் வேகத்தைக் கூட்டும், எல்லை தாண்டினா நொதிகள் செயலிழந்து வேகம் சரிஞ்சிடும்.

இப்போ காத்திவாக்கம் இலைக்கு வருவோம். மேல படிஞ்ச தூசி முதல்ல ஒளியை மறைக்கும். இலைத்துளைகள் அடைபட்டா கார்பன் டை ஆக்சைடு உள்ளே போறதும் குறையும். கருப்புத் தூசி வெயிலை உறிஞ்சி இலையைச் சூடாக்கும். ஆக ஒரே தூசி மூணு பக்கமும் கை வைக்குது. மழை பெய்தா மரத்து இலை கழுவிப்போயிடும். ஆனா எண்ணூர் கழிமுகத்தில் கலந்த அனல்மின் நிலையச் சாம்பல் அப்படி இல்ல. பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போன பிரச்சினை இது. தண்ணி கலங்கினா அடியில் இருக்கிற நீர்த்தாவரங்களுக்கு ஒளி போய்ச் சேராது. அலையாத்தி மரங்களின் சுவாச வேர்களைச் சாம்பல் மூடினா, வேருக்கே மூச்சு முட்டும்.

கோடைகால ஹைட்ரில்லா

போஸ் சொன்னது எல்லாமே நிலைக்கல. செடிக்கும் விலங்கு மாதிரி நரம்பு அமைப்பு இருக்குன்னு அவர் சொன்னதைத் தாவரவியலாளர்கள் பலர் இன்னைக்கும் ஏத்துக்கல. ஆனா ஹைட்ரில்லா விஷயத்துல அவர் கண்ணு தப்பல. கோடையில் வளர்ந்த செடி மட்டும் வேற மாதிரி நடந்துக்குது, மாலிக் அமிலத்திலிருந்தே கார்பனை எடுத்துக்குதுன்னு கண்டுபிடிச்சார். அப்போ அது ஏன்னு யாருக்கும் விளங்கல.

1937 நவம்பர் 23-ல் போஸ் காலமானார். 1966-ல்தான் ஹாட்ச், ஸ்லாக் என்ற ரெண்டு விஞ்ஞானிகள், கரும்பு போன்ற பயிர்கள் மாலிக் அமிலம் வழியா கார்பனைச் சேர்த்து வைக்கும் பாதையை விளக்கினாங்க. இன்னைக்கு அதுக்கு சி4 ஒளிச்சேர்க்கைன்னு பேரு. கோடையில் குளத்துத் தண்ணி சூடாகி கார்பன் டை ஆக்சைடு குறையும்போது, ஹைட்ரில்லாவும் இந்தப் பாதைக்குத்தான் மாறுதுன்னு பின்னாடி உறுதியாச்சு.