ஒரு வினாடிக் கணக்கு

பிரெடரிக் பெசல் 1784-ஆம் ஆண்டு ஜெர்மனியில் மிண்டன் என்ற ஊரில் பிறந்தார். பள்ளிக்கூடத்தில் லத்தீன் அவருக்கு வரவே இல்லை. 14 வயதில் (நம்ம வயசுதான்!) படிப்பை நிறுத்திவிட்டு பிரெமன் துறைமுகத்தில் ஒரு வணிகக் கம்பெனிக்கு வேலைக்குப் போனார். நடுக்கடலில் கப்பல் எப்படி வழி கண்டுபிடிக்கிறது என்று தானாகவே படித்து, அப்படியே நட்சத்திரக் கணக்குக்குப் போய்விட்டார். 20 வயதில் ஹாலி வால்நட்சத்திரத்தின் பாதையைக் கணக்கிட்டார். 1810-ல் பிரஷ்ய மன்னர் அவரைக் கோனிக்ஸ்பர்க் வானாய்வுக்கூடத்துக்குத் தலைவர் ஆக்கினார். பட்டம் இல்லையே என்று பேச்சு வந்தபோது, காஸ் என்ற கணித மேதை சிபாரிசு செய்து டாக்டர் பட்டம் வாங்கிக் கொடுத்தார்.

இங்கிலாந்தில் கிரீனிச்சில் 1796-ல் நடந்த ஒரு விஷயத்தைப் பெசல் படித்தார். அப்போதெல்லாம் கடிகாரத்தின் டிக் டிக் சத்தத்தைக் காதால் எண்ணிக்கொண்டே, தொலைநோக்கியில் உள்ள கம்பியை நட்சத்திரம் தாண்டுவதைக் கண்ணால் பார்த்து நேரம் குறிப்பார்கள். உதவியாளர் கின்னிபுரூக், தலைவர் மாஸ்கலினை விட 0.8 வினாடி தாமதமாகக் குறித்தார். அவ்ளோதான், வேலை போய்விட்டது! 1802-ல் இறந்தும் போனார், பாவம்.

பெசலுக்குச் சந்தேகம் வந்தது. தானும் வால்பெக் என்ற வானியலாளரும் ஒரே நட்சத்திரங்களைப் பார்த்து நேரம் குறித்து ஒப்பிட்டார். இருவருமே கைதேர்ந்தவர்கள். ஆனாலும் வித்தியாசம் ஒரு வினாடிக்கு மேலே! ஆளுக்கு ஆள் கண்ணும் காதும் வேலை செய்யும் வேகம் வேறு என்று அப்போதுதான் தெரிந்தது.

1818-ல் வந்த தன் புத்தகத்தில், பிராட்லி எடுத்த பழைய அளவுகளின் பிழைகளையும் பெசல் எண்ணிப் பார்த்திருக்கிறார். சின்னப் பிழைகள் நிறைய, பெரிய பிழைகள் கொஞ்சம். காஸ் சொன்ன மணி வடிவ வளைவுக்கு அது பொருந்தியது. இதைத்தான் இயல்நிலைப் பரவல் என்கிறார்கள். ஆனால் கின்னிபுரூக்கின் தாமதம் ஒரே பக்கமாகவே வந்தது. அது வளைவு முழுவதும் நகர்ந்து உட்கார்ந்த மாதிரி. அதைக் கவனக்குறைவு என்று சொல்லலாமா?

வண்டி ஓட்டுகிறவர் பிரேக் மிதிக்க எடுக்கும் நேரத்தை இப்போது அளக்கிறார்கள். அங்கேயும் நடுவில்தான் கூட்டம். ஆனால் தாமதப் பக்கம் வால் நீளமாக இருக்கும். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பஸ் 0.8 வினாடிக்குள் 13 மீட்டர் ஓடிவிடும்.

1838-ல் ஒரு நட்சத்திரத்தின் தூரத்தையும் அளந்து சொன்ன பெசல், 1846 மார்ச் 17-ல் கோனிக்ஸ்பர்க்கிலேயே காலமானார். அந்த ஊர் இப்போது ரஷ்யாவில் கலினின்கிராட் என்ற பெயரில் இருக்கிறது.