ஏழு வாரம் போர் முனையில் இருந்த வாலிபர்

1916-ம் ஆண்டு நவம்பர் மாதம்.

ஜெர்மனியில் ஆஸ்னபுரூக் என்ற ஊர். அங்கே ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படித்துக்கொண்டு இருந்த மாணவர்களுக்கு உத்தரவு வந்தது. படிப்பை நிறுத்திவிட்டுப் பட்டாளத்தில் சேர வேண்டும்!

விருப்பம் இருந்தால் போகலாம், இல்லாவிட்டால் வீட்டில் இருக்கலாம் என்ற பேச்சே கிடையாது. முதல் உலகப் போர் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. செத்தவர்களின் இடத்தை நிரப்ப ஆள் வேண்டும்.

அந்த மாணவர்களில் ஒருவர்தான், பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற நாவலாசிரியர் எரிக் மரியா ரீமார்க். அப்போது அவருக்கு வயது 18.

தாயாரின் நோய்

அவருடைய தகப்பனார், புத்தகங்களுக்கு பைண்டு போடும் தொழிலாளி. சொற்ப வருமானம். தாயார் அன்னா மரியாவுக்குப் புற்றுநோய்.

பயிற்சி முகாம் உள்ளூரிலேயே இருந்தது. லீவு கிடைத்தபோதெல்லாம் ரீமார்க் தாயாரைப் பார்க்க ஓடினார். மகன் போருக்குப் போகிறான்; தாயோ படுக்கையில் கிடக்கிறாள். யாரை நினைத்து யார் அழுவது?

1917-ம் ஆண்டு ஜூன் 12-ந் தேதி, அவரை மேற்குப் போர் முனைக்கு அனுப்பினார்கள். போன பத்தாவது நாள், அவருக்கு 19 வயது நிறைந்தது.

மண்வெட்டியும் முள்கம்பியும்

சண்டை என்றால் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு பாய்வது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ரீமார்க்குக்குக் கிடைத்த வேலை வேறு. பதுங்கு குழி தோண்ட வேண்டும். முள்கம்பி வேலி கட்ட வேண்டும். பகலில் தலையை நீட்டினால் எதிரி பார்த்துவிடுவான். அதனால் இந்த மாதிரி வேலைகள் பெரும்பாலும் இருட்டில்தான் நடக்கும்.

ஜூன் மாதக் கடைசியில், அவருடைய படை பெல்ஜியம் நாட்டுக்குப் போயிற்று. அங்கே இங்கிலாந்துப் படை பெரிய தாக்குதலுக்குத் தயாராகிக்கொண்டு இருந்தது. தாக்குதலுக்கு முன்பே 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பீரங்கிக் குண்டுகளைப் பொழிந்தது. அந்தக் குண்டு மழைக்கு அடியில்தான் ஜெர்மன் வாலிபர்கள் குழிகளில் ஒண்டிக் கிடந்தார்கள்.

ஒரு நாள், கூட இருந்த தோழர் ஒருவர் குண்டு பட்டு விழுந்தார். ரீமார்க் அவரைத் தூக்கிக்கொண்டு குண்டுகளுக்கு நடுவே நடந்து, பின்னால் கொண்டுவந்து சேர்த்தார். ஆனாலும் தோழர் பிழைக்கவில்லை. அவர் தலையில் பாய்ந்திருந்த சிறு துண்டை யாரும் கவனிக்கவில்லை!

ஜூலை 31-ந் தேதி, இங்கிலாந்துப் படை பாய்ந்தது. அன்றே ரீமார்க்கும் விழுந்தார். இடது கால், வலது கை, கழுத்து ஆகிய மூன்று இடங்களிலும் குண்டுத் துண்டுகள் பாய்ந்திருந்தன.

அவர் போர் முனையில் இருந்தது மொத்தம் ஏழே வாரம்.

ஆஸ்பத்திரியில்

டூயிஸ்பர்க் நகர ஆஸ்பத்திரியில் அவர் படுத்திருந்தபோது, செப்டம்பர் மாதத்தில் தாயார் இறந்துபோனார். எரிக் பால் என்பதுதான் பெற்றோர் வைத்த பெயர். பிற்காலத்தில் அதில் இருந்த பாலை எடுத்துவிட்டு, தாயாரின் பெயரான மரியாவைச் சேர்த்துக்கொண்டார்.

காயம் ஆறியதும் ஆஸ்பத்திரி ஆபீசில் வேலை கொடுத்தார்கள். கை போனவர், கால் போனவர் என்று தினமும் வந்துகொண்டே இருந்தார்கள். 1918-ம் ஆண்டு அக்டோபர் கடைசியில், மறுபடியும் பட்டாளத்துக்குத் தகுதியானவர் என்று அவரை அனுப்பினார்கள். நல்ல வேளை, நவம்பர் 11-ந் தேதி போர் நின்றது.

நாவல்

பிறகு அவர் கிராமத்தில் வாத்தியாராக இருந்தார். கல்லறைக் கல் விற்றார். பத்திரிகையில் எழுதினார். போரைப் பற்றிய நாவலை எழுத அவருக்குப் பத்து ஆண்டுகள் ஆயின. உட்கார்ந்த பிறகோ, சில வாரங்களில் முடித்துவிட்டார்!

முதலில் பார்த்த பதிப்பகம் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியது. 1928-ல் ஒரு பத்திரிகையில் தொடர்கதையாக வந்தது. 1929-ல் புத்தகமாகி, லட்சக்கணக்கில் விற்றது. மேற்கு முனையில் புதிதாக ஒன்றும் இல்லை என்பது அதன் பெயருக்குப் பொருள். பள்ளியில் இருந்து பட்டாளத்துக்குப் போன பையன்களின் கதை அது. தோழனைத் தூக்கி நடந்த காட்சியும் அதில் உண்டு.

ஹிட்லர் கட்சிக்கு அது பிடிக்கவில்லை. அவர் போர் முனையையே பார்க்காதவர் என்று புரளி கிளப்பினார்கள். 1930-ல் அந்தக் கதை சினிமாவாக பெர்லினுக்கு வந்தபோது, தியேட்டருக்குள் வெள்ளை எலிகளை அவிழ்த்துவிட்டார்கள்! 1933-ல் புத்தகத்தைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். ரீமார்க் அதற்கு முன்பே நாட்டை விட்டுப் போய்விட்டார்.

அவருடைய தங்கை எல்பிரீடு ஜெர்மனியிலேயே இருந்தார். தையல் தொழில் செய்தவர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி தோற்கத்தான் போகிறது என்று பேசியதற்காக அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். 1943-ம் ஆண்டு டிசம்பர் 16-ந் தேதி தலையை வெட்டினார்கள்.

அப்போது அமெரிக்காவில் இருந்த அண்ணனுக்கு, போர் முடிந்த பிறகுதான் செய்தி தெரிந்தது. 1952-ல் வெளிவந்த நாவலை அவர் அந்தத் தங்கைக்குக் காணிக்கையாக்கினார்.