தறிக்கு நிற்கக் கற்றுக் கொடுத்தவர்



கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற ரோட்டில் டொயோட்டா கார்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அது ஒரு குடும்பப் பெயரிலிருந்து வந்தது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? அந்தக் குடும்பத்தின் பெரியவர் கார் செய்தவரே இல்லை. அவர் தறி செய்தவர்! பெயர் சகிச்சி டொயோடா. என் அக்கா சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பி.இ. முடித்துவிட்டு, இப்போது சென்னையில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறாங்க. அவங்க டீமில் வேலை நடக்கிற முறைக்கு மூலமே இந்தத் தறிக்காரர்தான் என்று அக்கா சொன்னபோது நான் நம்பவே இல்லை. அப்புறம் தேடிப் படித்தேன். படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

பிறப்பும் இளமையும்

சகிச்சி 1867-ஆம் ஆண்டு பிப்ரவரி 14-ஆம் நாள் ஜப்பானில் ஒரு சின்ன கிராமத்தில் பிறந்தார். இன்றைக்கு அந்த இடம் கோசாய் நகரத்தில் இருக்கிறது. அப்பா தச்சர். மகனும் அந்தத் தொழிலைத்தான் கற்றுக்கொண்டார். பெரிய படிப்பு எதுவும் கிடையாது. அந்த ஊர்ப் பெண்கள் வீட்டிலேயே தறி போட்டு நெய்வார்கள். அவருடைய அம்மாவும் நெய்தார். நாள் முழுக்க உழைத்தும் கொஞ்சம் துணிதான் தேறும். அதைப் பார்த்துப் பார்த்துத்தான், இந்தத் தறியை நல்லபடியாக மாற்ற முடியாதா என்று அவருக்குத் தோன்றியது.

1890-இல் டோக்கியோவில் ஒரு பெரிய தொழில் கண்காட்சி நடந்தது. சகிச்சி தினமும் அங்கே போய், மெஷின்கள் எப்படி ஓடுகின்றன என்று நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அடுத்த வருடமே, 1891-இல், மரத்தால் ஆன ஒரு கைத்தறிக்கு முதல் காப்புரிமை வாங்கினார். அதுவரை இரண்டு கையாலும் செய்த வேலையை அந்தத் தறியில் ஒரு கையால் செய்யலாம். அப்போது அவருக்கு வயது 24.

தானே நின்ற தறி

1896-இல் அவர் விசைத்தறி செய்தார். அதில் ஒரு புதுமை இருந்தது. ஊடை நூல் அறுந்தாலோ தீர்ந்தாலோ தறி தானாகவே நின்றுவிடும்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்க தாத்தா குறிஞ்சிப்பாடியில் கைலி நெய்தவர். அவரிடம் கேட்டேன். கைத்தறியில் இழை அறுந்தால் நெய்கிறவர் கண்ணுக்கே தெரிந்துவிடும், உடனே முடிச்சுப் போட்டுவிடுவார். மெஷினுக்குக் கண் ஏது? அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு முழம் ஓடிய பிறகு பார்த்தால் அந்த ஒரு முழமும் பழுது. நூலும் வீண், நேரமும் வீண், கூலியும் வீண் என்றார் தாத்தா. அதனால் ஒவ்வொரு மெஷினுக்கும் ஓர் ஆள் காவல் நிற்க வேண்டும். சகிச்சி மெஷினுக்கே கண் கொடுத்துவிட்டார்!

வாழ்க்கை அவருக்குச் சுலபமாக இல்லை. 1910-இல் வியாபாரம் சரிந்தது. தன் பெயரிலேயே இருந்த கம்பெனியை விட்டு அவர் வெளியேற வேண்டியதாயிற்று. மனம் உடைந்து போகாமல் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போய் அங்குள்ள தறிகளைப் பார்த்தார். திரும்பி வந்து நகோயா நகரில் புதிதாகத் தொடங்கினார். 1924-இல், மகன் கிச்சிரோவும் மற்றவர்களும் கூட உழைக்க, ‘ஜி’ வகை தானியங்கித் தறி வந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே அது நாடாவை மாற்றிக்கொள்ளும். நூல் அறுந்தால் நின்றுவிடும். ஒரே ஆள் 30 தறிகளுக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம். 1929-இல், தறி செய்வதில் பேர்போன இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் கம்பெனியே இந்த உரிமையை ஒரு லட்சம் பவுனுக்குப் பேசி வாங்கியது. 1930 அக்டோபர் 30-இல் சகிச்சி காலமானார். கிச்சிரோ கார் தொழிலில் இறங்கினார். 1937-இல் டொயோட்டா மோட்டார் கம்பெனி பிறந்தது.

தறியிலிருந்து கம்ப்யூட்டருக்கு

கார் தொழிற்சாலையிலும் அதே கொள்கைதான். தொழிலாளி யாராக இருந்தாலும், தப்பு கண்ணில் பட்டால் மேலே தொங்கும் கயிற்றை இழுக்கலாம். உடனே உதவிக்கு ஆள் வரும். சரியாகவில்லை என்றால் வரிசையே நிற்கும். கயிற்றை இழுத்தவருக்குத் திட்டு கிடையாது. தைச்சி ஓனோ என்ற பொறியாளர் இதோடு இன்னொன்றையும் வளர்த்தார்: கேட்ட பிறகு, கேட்ட அளவு மட்டும் செய்வது. நம்ம ஊர் ஓட்டலில் ஆள் வந்து உட்கார்ந்த பிறகு தோசை ஊற்றுகிற மாதிரி. முன்னாடியே ஐம்பது ஊற்றி அடுக்கினால் ஆறிப்போய் வீணாகும் அல்லவா?

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 சாஃப்ட்வேர் வல்லுநர்கள் கூடி ‘அஜைல்’ என்ற முறைக்கு ஓர் அறிக்கை எழுதினார்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து, அடிக்கடி காட்டி, திருத்திக்கொண்டே போவதுதான் அதன் சாரம். 2003-இல் மேரி, டாம் பாப்பெண்டீக் தம்பதி, டொயோட்டாவின் ‘லீன்’ முறையைச் சாஃப்ட்வேருக்குப் பொருத்தி ஒரு புத்தகம் எழுதினார்கள்.

அக்கா டீமில் ஒருவர் புரோகிராம் எழுதிச் சேர்த்தவுடன் கம்ப்யூட்டரே அதைச் சோதித்துப் பார்க்கும். தப்பு இருந்தால் சிவப்பு காட்டும். முதலில் அதைச் சரி செய்துவிட்டுத்தான் மற்ற வேலை. யோசித்துப் பாருங்கள், இது அறுந்த நூலுக்கு நிற்கிற தறியேதான்! இதற்கு முன்னால் அக்கா ஒரு கம்பெனியில் இருந்தாங்க. அங்கே தப்பைச் சொன்னவருக்குத்தான் திட்டு விழும். அதனால் எல்லோரும் மறைத்தார்கள். கடைசி மாதத்தில் எல்லாத் தப்பும் ஒன்றாக வெளியே வந்து, இரவு பகலாக உட்கார்ந்தார்கள்.

தாத்தாவின் கேள்வி

இதையெல்லாம் சொன்னபோது தாத்தா ஒரே ஒரு கேள்வி கேட்டார். 30 தறிக்கு ஒரு ஆள் போதும் என்றால் மிச்சம் 29 பேர் எங்கே போவாங்க? எனக்குப் பதில் தெரியவில்லை. விசைத்தறி வந்து நம் பக்கத்துக் கைத்தறிக் குடும்பங்கள் பட்ட பாடு அவருக்குத் தெரியும். கைத்தறிக்கென்றே சில துணி வகைகளை ஒதுக்கி 1985-இல் நம் நாட்டில் சட்டமே போட வேண்டி வந்தது. இப்போது கம்ப்யூட்டரே புரோகிராம் எழுதத் தொடங்கிவிட்டது. அக்காவுக்கும் அதே கேள்விதான் முன்னால் நிற்கிறது.

ஆனால் ஒன்று கவனித்தேன். தானே நிற்கும் இந்த முறைக்கு டொயோட்டாவில் ‘ஜிடோகா’ என்று பெயர். தானியங்கி என்பதற்கான ஜப்பானிய எழுத்தில், மனிதர் என்பதைக் காட்டும் சிறு குறியையும் சேர்த்து எழுதுகிறார்கள். மெஷின் நிற்கத்தான் செய்யும். ஏன் நின்றது என்று பார்த்துச் சரி செய்ய மனிதர்தான் வேண்டும். அந்த மனிதரை மறந்துவிட்டு ஆளைக் குறைக்க மட்டும் இந்த முறையைப் பிடித்துக்கொண்டால், அது பாதி முறைதான் என்பது என் கருத்து.

உங்களுக்குத் தெரியுமா?

ஒரு தப்பு நடந்தால் ஐந்து முறை ஏன் என்று கேட்கும் பழக்கம் சகிச்சியிடமிருந்து வந்தது என்பார்கள்.
பள்ளித் தொட்டியில் தண்ணீர் இல்லை. ஏன்? மோட்டார் போடவில்லை.
ஏன்? போடுகிறவர் லீவு.
வேறு யாரும் ஏன் போடவில்லை? யாருக்கும் போடத் தெரியாது.
ஏன்? யாருக்கும் காட்டித் தரவில்லை.
ஏன்? அது யார் பொறுப்பு என்று எழுதி வைக்கவே இல்லை.
லீவு போட்டவரைத் திட்டினால் நாளைக்கும் தண்ணீர் வராது. எழுதி வைத்தால் வரும்!

நண்பர்களே! அடுத்து அறிவியல் கண்காட்சி வருகிறது. ஒரு சார்ட்டில் மூன்று கட்டம் போடுவோம்: செய்ய வேண்டியது, செய்துகொண்டிருப்பது, முடிந்தது. நடுக் கட்டத்தில் ஒருவருக்கு ஒரு வேலைக்கு மேல் வேண்டாம். யாருக்காவது வேலை நின்றுபோனால் அன்றைக்கே சொல்லட்டும், சொன்னவரை யாரும் கேலி செய்ய வேண்டாம். இந்தச் சுவர் இதழுக்குப் பக்கத்திலேயே அந்தச் சார்ட்டை ஒட்ட இடம் இருக்கிறது. தாத்தாவின் கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள் அடுத்த இதழுக்கு எழுதித் தாருங்கள்.

— பதினோராம் வகுப்பு மாணவி